ஐந்தாம் எண்ணுக்கு வந்த இரண்டு பதில்கள்

29 ஆகஸ்ட் 2005, திங்கள்

நான் மத்தியானத்தில் தூங்குபவள் அல்ல. காய்ச்சல் நாட்கள் நீங்கலாக, இந்த எழுபத்திரண்டு வயது வரை பகலில் படுத்ததில்லை. ஆகவே, "பிலோமினாம்மா மத்தியானத் தூக்கத்துக்காக ஒலிபெருக்கியை நிறுத்திடுறாங்க" என்று உப்பளத்தில் பேசிக்கொள்வது இரண்டு வகையில் தவறு. நான் தூங்குவதில்லை. நான் நிறுத்துவதும் இல்லை.

காலையில் அதன் சுவிட்சை நான் தொடுவது உண்மை. மறைத்துச் செய்யவில்லை, வாசல் அறையின் கதவு திறந்துதான் இருக்கிறது. விடியற்காலையில் அணைத்து, விசுவாசப் பிரமாணம் என்ற ஜெபத்தை ஒரு முறை சொல்லி முடிக்கும் வரை நின்று, மறுபடி போடுகிறேன். அப்படிச் செய்தால் அன்றைய காலைச் செய்தி பேசுகிறது. செய்யாவிட்டால் ஊமை. ஏன் என்று எனக்குத் தெரியாது. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் தனகோடிக்கும் தெரியாது.

குழப்பம் வந்தால் நடந்ததை வரிசையாக எழுது என்று கான்வென்ட்டில் மதர் சொல்வார்கள். எழுதுகிறேன்.

போன டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. மார்ச்சில் புதுச்சேரி நிறுவனத்தார் என் வீட்டின் முன் இரண்டு அறைகளில் தகவல் மையம் வைத்தார்கள். மாடியில் ஓர் ஆன்டெனாத் தட்டு. அதிலிருந்து இறங்கும் கம்பி. வாசல் அறையில் ஒரு கறுப்புப் பெட்டி. தலைமையகத்திலிருந்து காற்று, மழைச் செய்தி குரலாகவே அந்தப் பெட்டிக்கு வரும்; அளத்தில் நட்ட கம்பங்களில் ஒலிக்கும். காலைச் செய்தி நேரம் தவறாமல் வரும். மத்தியானச் செய்தி அவர்களுக்குத் தகவல் கிடைக்கும்போது வரும். ஒரு மணியாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம்.

அளத்துக்கு முக்கியம் அந்த மத்தியானச் செய்திதான். மழை உண்டென்றால் பாத்தியில் பூத்த உப்பை உடனே வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூட வேண்டும். நேரம் தெரியாததால் எப்போது சுவிட்சைத் தொடுவது என்றும் தெரியவில்லை. பெரும்பாலான மத்தியானங்களில் அது பேசுவதில்லை. ஆடி முடியும் வரை ஒழுங்காகப் பேசிய பெட்டி.

குறை சொல்லி மட்டும் முடிக்க வேண்டாம். ஐந்து மாதம் அது பேசியதே, அதற்கு நன்றி.

31 ஆகஸ்ட், புதன்

காலை பேசியது. மத்தியானம் இல்லை. தலைமையகத்துக்குத் தொலைபேசி. "எங்க பக்கம் சரியா இருக்குது" என்கிறார்கள்.

3 செப்டம்பர், சனி

இன்று தபால் கொடுக்கும் நாள். அளத்துக் குடிசைகளுக்கு எண் கிடையாது. அதனால் என் கணவர் இருந்த காலத்திலிருந்தே தபால்காரர் நம் வாசலில் நின்று பெயர்களை வாசிப்பார். யார் பெயரானாலும் "இங்கேதான், கொடுங்கள்" என்று நான் வாங்கி வைத்துச் சனிக்கிழமை உரியவரிடம் கொடுப்பேன். இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை.

கொளஞ்சியம்மாளும் வந்தாள். அவருக்குப் பிறகு பாத்திகளை எடுத்து நடத்தும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. தன் தபாலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"மத்தியானம் நல்லாத் தூங்குனீங்களா பெரிம்மா?"

மற்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நான் பகலில் தூங்குவதில்லை, கொளஞ்சி."

"அப்ப மிசினு தூங்குதா?"

"இயந்திரம் தூங்காது."

"காலைல நீங்க தொடறீங்க, பேசுது. மத்தியானம் ஊமையாயிடுது. எனக்குப் படிப்பு இல்ல பெரிம்மா. கண்ணு இருக்குது."

அதோடு விடவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேட்டுத் தெருவுல ஊடு கட்டி எட்டு மாசம் ஆவுது. கதவு இருக்குது, கதவுல நெம்பரு இருக்குது. கடுதாசி மட்டும் இங்க வந்து சனிக்கிழமை வரைக்கும் ஒக்காந்திருக்குது."

"பத்திரமாகத்தானே இருக்கிறது?"

"பத்திரமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோபம் வந்தது. ஆனால் எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முகத்துக்கு நேரே சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்.

6 செப்டம்பர், செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

நாலு மணிக்கு மேல் பெருமுக்கல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டி பேசவில்லை. நான் வாசலில் நின்று கத்தினேன் — இந்த வயதில், தெருவில் — யாருக்குக் கேட்கும்? பெண்கள் கீற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடுவது தெரிந்தது. அதற்குள் இறங்கிவிட்டது மழை. நாளைக்கு வார வேண்டிய உப்பு. வெள்ளையாக இருந்த பாத்திகள் என் கண் முன்னால் சேற்றுத் தண்ணீராகிவிட்டன.

மழை விட்டதும் கொளஞ்சி நேராக வாசல் அறைக்கு வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சுவிட்சைப் பார்த்தாள். போட்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தாயா? நான் அணைக்கவில்லை" என்றேன்.

"இப்பதான் போட்டிருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நான் என்ன பொய் சொல்லுகிறவளா? என்னைப் பார்த்து? இவ்வளவு வருஷம் பழகி — 

நாளை எழுதுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை, மின்னல் இல்லை. அதற்கு நன்றி.

8 செப்டம்பர், வியாழன். மாதா பிறந்தநாள்

பூசை முடிந்து வந்தால் தலைமையகத்துச் செயலாளர் தேவநாதனின் கடிதம் காத்திருந்தது. மரக்காணம் கருவி பல வாரங்களாகப் பதில் தருவதில்லையாம். "கையால் நிறுத்தப்படுவதாக" அவர்களுக்குப் புகார் வந்திருக்கிறதாம். ஆகவே மாத முடிவில் மையத்தை வானூருக்கு மாற்ற உத்தேசம்.

தனகோடி வாசித்துவிட்டு, "நம்மளே தூக்கி அனுப்பிடலாம்மா. ஒங்களுக்கு எதுக்கு இந்த அவமானம்?" என்றான். நல்ல மனம் அவனுக்கு. ஆனால் அவமானம் எனக்கு, நஷ்டம் யாருக்கு? வானூரில் வயல் இருக்கிறது, சந்தை இருக்கிறது, அலுவலகங்கள் இருக்கின்றன. உப்பளம் இல்லை. பெட்டி அங்கே போனால் இந்தக் கம்பங்கள் நான்கும் காக்கை உட்கார மட்டுமே.

தேவநாதனைத் தொலைபேசியில் பிடித்தேன். "மாற்றுவதற்கு முன்னால் கருவியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். குற்றம் என் கையில்தான் என்று அவர் சொன்னால் நானே வண்டி பிடித்து ஏற்றி விடுகிறேன்" என்றேன். "சரிங்க மேடம், அனுப்பறேன்" என்றார். அவருக்கும் நன்றி. மறுத்திருக்கலாம்.

12 செப்டம்பர், திங்கள்

நீண்ட நாள். முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

வந்தவர் ஆண் அல்ல. வினோதினி என்று முப்பது வயதுப் பெண். புதுச்சேரி பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். தோளில் மடிக்கணினிப் பை. வந்ததும் "வணக்கம் ஆன்ட்டி" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன். "சரிங்க ஆன்ட்டி" என்றாள்.

முதல் கேள்வி: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வேலை செய்யுதா?"

"செய்கிறது. கொஞ்ச நேரத்துக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டாள். "ரொம்ப நல்ல தகவல் ஆன்ட்டி. பாதி வேலை முடிஞ்சுது."

இத்தனை வாரத்தில் என்னை நம்பிய முதல் ஆள். கண்ணில் நீர் வந்தது. காபி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவள் எனக்கு விளக்கியதை மறக்கும் முன் எழுதுகிறேன். மாடியிலிருந்து இறங்கும் கம்பி ரூட்டர் என்ற சிறிய பெட்டியில் முடிகிறது. நமக்கு வெளியுலக முகவரிகள் சில கொடுத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று முடியும் எண்கள். ஒரு முகவரிக்குச் செய்தி வந்தால் ரூட்டருக்கு அந்த எண் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குரிய கருவியின் பிறவி எண், அதாவது தொழிற்சாலையிலேயே அதில் பதித்த எண், தெரிய வேண்டும்.

"அதனால வயர்ல நின்னு கூவும் ஆன்ட்டி. 'மூணாம் நம்பர் யாரு?' யாரோட நம்பரோ அவங்க 'நான்தான், என்னோட பிறவி எண் இது'ன்னு சொல்லணும். இந்தக் கேள்வி பதிலுக்குப் பேரு ஏ.ஆர்.பி."

"தபால்காரர் வாசலில் பெயர் வாசிப்பதுபோல."

"அதேதான்!"

ஆனால் மூன்றும் நான்கும் மையத்தின் உள்ளே இருக்கும் கணினிகள். அவற்றுக்கு முன்னால், இரண்டாம் எண்ணோடு, ஃபயர்வால் பெட்டி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைரஸ் புகுந்து கணினிகள் எல்லாம் படுத்தபின், தனகோடி வாங்கி மாட்டிய காவல் பெட்டி அது. உள்ளே இருப்பவற்றுக்கு உள் முகவரி வேறு. ரூட்டர் கூவுவது அவற்றின் காதில் விழாது. ஆகவே அவற்றுக்குப் பதிலாக ஃபயர்வாலே "மூணா? நான்தான், எங்கிட்ட குடு" என்று தன் பிறவி எண்ணைச் சொல்கிறது. வந்ததை வாங்குகிறது, சோதிக்கிறது, விதிப்படி சரியென்றால் உள் முகவரியை எழுதி உள்ளே அனுப்புகிறது.

"இதுதான் ப்ராக்ஸி ஏ.ஆர்.பி. ஒரு மாதிரி பொய்தான், ஆனா தேவையான பொய்."

"அதைப் பொய் என்று சொல்லாதே. வாங்கியதை உரியவரிடம் சேர்த்தால் அது பொய் இல்லை."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சேர்த்தா" என்றாள்.

பிறகு மடிக்கணினியை அந்தக் கம்பியில் இணைத்து, ரூட்டர் கேட்பதுபோல் அவளே கேட்டாள்: ஐந்தாம் எண் யார்? ஐந்து என்பது வாசல் அறைக் கறுப்புப் பெட்டி. அது ஃபயர்வாலுக்கு வெளியே, தன் சொந்த முகவரியோடு மார்ச்சிலிருந்து இருக்கிறது. திரையில் பதில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. கறுப்புப் பெட்டி "நான்" என்றது. அதன் பின்னாலேயே ஃபயர்வாலும் "நான்" என்றது.

"ரூட்டர் பாவம், கடைசியா யார் சொன்னாங்களோ அதை நம்பிடும். செய்தி ஃபயர்வாலுக்குப் போவும். உள்ள அஞ்சுன்னு யாருமே இல்லையே? சத்தம் போடாமக் கீழ போட்டுடும்."

"அணைத்துப் போட்டால் பேசுகிறதே?"

"ஆன் ஆவும்போது கறுப்புப் பெட்டி தானாவே ஒரு தடவை கத்தும் ஆன்ட்டி, 'அஞ்சு நான்தான்'னு. ரூட்டர் திருத்திக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மறந்துபோய் மறுபடி கேக்கும். அப்ப ஃபயர்வால் முந்திக்கிட்டு, இல்ல இல்ல, பிந்திக்கிட்டு" என்று சிரித்தாள்.

அத்தனை காலை விசுவாசப் பிரமாணங்களுக்கும் காரணம் கிடைத்தது.

"இதையும் பாருங்க" என்று ஆறாம் எண்ணைக் கேட்டாள். ஆறு யாருக்கும் கொடுக்கப்படாத எண். ஆளே இல்லை. ஃபயர்வால் தயங்காமல் "நான்தான்" என்றது.

"மூணும் நாலும் மட்டும் குடுத்திருக்கணும். யாரு முழு வரிசையும் போட்டது?"

தனகோடி தரையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாட்டை நான் கண்டேன்.

"நான்" என்றேன்.

ஆகஸ்டில் அவன் கையில் விளக்கப் புத்தகத்தோடு வந்து கேட்டான். "எந்தெந்த நம்பருக்கு இது பதில் சொல்லணும்னு கேக்குதும்மா?" நான் ஜெபப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "எல்லாவற்றுக்கும். இந்த வீட்டு வாசலில் கேட்டவருக்குப் பதில் இல்லாமல் போனதில்லை" என்றேன். அவன் அப்படியே போட்டான். நான் சொன்னதை அப்படியே செய்கிறவன்.

வினோதினி மூன்று, நான்கு என்று மாற்றி எழுதினாள். ரூட்டர் நினைவில் இருந்த பழைய பதிலையும் அழித்தாள். அழிக்காவிட்டால் திருத்திய பிறகும் கொஞ்ச நேரம் தவறான ஆளிடமே கொடுத்துக்கொண்டிருக்குமாம். மறுபடி கேட்டாள்: ஐந்து யார்? ஒரே பதில். ஆறு யார்? அமைதி.

பேருந்துக்குப் போகும்போது சொன்னாள்: "இனிமே சுவிட்சைத் தொடாதீங்க ஆன்ட்டி. தொட்டா, சரியானது நம்ம வேலையாலயா ஒங்க கையாலயான்னு யாருக்கும் தெரியாது."

நல்ல பெண். வாழைப்பழச் சீப்பு ஒன்று கொடுத்தேன். பேருந்திலேயே ஒன்றை உரித்ததைப் பார்த்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருக்கிறது. கேட்காமல் விட்டேனே.

13 செப்டம்பர், செவ்வாய்

என் கட்டளையில் பிழை இல்லை, தெளிவு போதவில்லை என்று எழுத நினைத்தேன்.

இல்லை. பிழைதான்.

சாயங்காலம் மேட்டுத் தெருவுக்கு நடந்தேன். கொளஞ்சி வீட்டுக்கு இதுவரை நான் போனதில்லை. நீலக் கதவு. எண் பெரிதாக எழுதியிருக்கிறது, 14. அவள் வெளியே வந்து, "இன்னா பெரிம்மா, தூக்கம் வரலியா?" என்றாள்.

வாசல் அறைச் சாவியை நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?"

"நீயே பூட்டி வைத்துக்கொள். பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று சன்னல் வழியே பார். நான் உட்பட யாரும் உள்ளே போகக் கூடாது. பேசுகிறதா என்று உன் கண்ணாலேயே பார்."

நடந்ததையும் சொன்னேன். என் வாயால், அவள் வாசலில் நின்று. காவல் பெட்டி எல்லாப் பெயருக்கும் தானே என்று பதில் சொன்னது, அப்படிச் சொல்லச் சொன்னவள் நான், அன்றைய உப்பு அதனால் போனது.

கொளஞ்சி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உள்ள வாங்க பெரிம்மா. டீ போடறேன்."

சர்க்கரை அதிகம். குடித்தேன்.

14 செப்டம்பர், புதன்

விடியற்காலை பேசியது. யாரும் தொடவில்லை. நான் படுக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மத்தியானம் ஒன்றரைக்குப் பேசியது. மழை இல்லை என்றது. மழை இல்லை.

16 செப்டம்பர், வெள்ளி

இரண்டு மணிக்குப் பெட்டி பேசியது: மாலையில் இடியுடன் மழை. கம்பங்களில் குரல் முடியும் முன்பே வரப்பில் ஆட்கள் ஓடினார்கள். அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு நானும் பார்க்கப் போனேன். வாரினார்கள், குவித்தார்கள், கீற்றுப் போட்டு மேலே கல் வைத்தார்கள். கடைசிக் குவியல் மூடியபோது வானம் பாதி கறுத்திருந்தது.

கொளஞ்சி காலெல்லாம் உப்போடு என்னுடன் வாசலுக்கு வந்து, சன்னல் வழியே பச்சை விளக்கைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பெரிம்மா, இன்னிக்காவது போய்த் தூங்குங்க."

அவளோடு வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

உள்ளே போய்ச் சும்மா சாய்ந்தேன். எழுந்தபோது மழை விட்டிருந்தது.

(இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.)

17 செப்டம்பர், சனி

தபால்காரர் சிவப்பிரகாசம் வாசலில் நின்று பெயர்களை வாசித்தார். "கொளஞ்சியம்மாள்" என்றதும் என் வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன்.

"மேட்டுத் தெரு, பதினாலு. நீலக் கதவு."

"எப்பவும் இங்கதானே வாங்கிப்பீங்க?"

"குடிசையில் இருப்பவர்களுக்கு வாங்கிக்கொள்கிறேன். சொந்தக் கதவு உள்ளவர்களுக்கு இனி நான் பதில் சொல்ல மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.

20 செப்டம்பர், செவ்வாய்

இன்றும் அவள் கடிதத்தை என்னிடமே நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். ரூட்டரைப் போல இவரும் மறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

21 செப்டம்பர், புதன்

தேவநாதனுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா,

வினோதினியை அனுப்பியதற்கு என் மனமார்ந்த நன்றி. கருவி செப்டம்பர் 14 முதல் காலையும் மத்தியானமும் தவறாமல் பேசுகிறது. அதை யாரும் தொடுவதில்லை. அறைச் சாவி பெண்கள் குழுவிடம் இருக்கிறது. பதினாறாம் தேதி அதன் சொல்லால் உப்பு காப்பாற்றப்பட்டது.

கருவியைக் கையால் யாரும் நிறுத்தவில்லை. ஃபயர்வால் தனக்கு உரியதல்லாத எண்களுக்கும் பதில் சொன்னதே காரணம். அப்படி அமைக்கச் சொன்னவள் நான். தனகோடி என் சொல்லைக் கேட்டதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை. இதை உங்கள் கோப்பில் சேர்க்கவும்.

மையம் வானூருக்குப் போகாமல் மரக்காணத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உப்பளத்துப் பெண்கள். இதுவரை அவர்கள் சார்பில் நான் உங்களிடம் பேசினேன். இனி நேராக அவர்களிடமே பேசுங்கள். உங்கள் முடிவை என் முகவரிக்கு அனுப்ப வேண்டாம்.

திருமதி கொளஞ்சியம்மாள், 14, மேட்டுத் தெரு, மரக்காணம் என்ற முகவரிக்கு எழுத்தில் பதில் அனுப்பவும்.